போருக்குப் போகுமுன் யாரைக் கேட்பது?

1938-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி, எந்த அரசாங்கமும் தன் சபையில் பேச்சுக்கு வரவிட விரும்பாத ஒரு பிரேரணை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர், இந்தியானா மாநிலத்தின் பிரதிநிதியும், அரசியலில் புகுமுன் நெடுங்காலம் பத்திரிகை நிருபராக உழைத்தவருமான லூயி லட்லோ. அமெரிக்க மண்ணின்மீது அந்நியர் படையெடுத்து வந்தாலொழிய, காங்கிரஸ் செய்யும் யுத்தப் பிரகடனம் எதுவும், தேசம் முழுவதும் நடத்தப்படும் பொதுவாக்கெடுப்பில் ஜனங்கள் பெரும்பான்மையாகச் சம்மதம் தந்த பிறகே செல்லுபடியாகும் என்று அரசியல் சாசனத்தைத் திருத்தவேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. கமிட்டியில் முடங்கிக் கிடந்த அந்தப் பிரேரணையைச் சபை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் அன்று முடிவாக வேண்டியிருந்தது. எடுத்துக்கொள்ளலாம் என்றவர்கள் 188 பேர். கூடாது என்றவர்கள் 209 பேர். பதினொரு பேர் மனம் மாறியிருந்தால் லட்லோ அன்று ஜெயித்திருப்பார்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், சீனத்தின் யாங்ட்ஸி நதியில் நின்றுகொண்டிருந்த 'பனாய்' என்னும் அமெரிக்கப் பீரங்கிப் படகை ஜப்பானிய விமானங்கள் பட்டப்பகலில் குண்டுவீசி மூழ்கடித்திருந்தன. இத்தகைய செய்தி எந்த வல்லரசிலும் தெருவெல்லாம் போர் முழக்கத்தை எழுப்பிவிடக்கூடியது; 1898-ல் ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' கப்பல் வெடித்தபோது இதே அமெரிக்காவில் எழுப்பவும் செய்தது. 1937-லோ, அவ்வளவு தூரத்தில் நம் படகுக்கு என்ன வேலை என்று ஜனங்கள் கேட்டார்கள். பிரேரணையைக் கமிட்டியிலிருந்து வெளியே இழுக்கத் தேவையான 218 கையெழுத்துகள் லட்லோவுக்குப் பூர்த்தியானதும் அந்தச் சம்பவத்துக்குப் பின்னர்தான். ஜப்பான் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்துவிட, விவகாரம் அத்துடன் அடங்கிற்று.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இந்தப் பிரேரணையைக் கண்டு உண்மையாகவே அஞ்சினார். வாக்கெடுப்புக்கு முன்பு சபாநாயகர் பாங்க்ஹெட் சபையில் வாசித்த அவருடைய கடிதம், இப்படியொரு திருத்தம் வந்தால் அந்நிய நாடுகளோடு பேரம் பேச எந்த ஜனாதிபதிக்கும் கை இராது என்றும், அமெரிக்காவின் உரிமைகளை மீறினால் தண்டனை இல்லை என்று பிற தேசங்கள் துணிந்துவிடும் என்றும் எச்சரித்தது. ஐரோப்பிய விவகாரங்களில் தலையிடக் கூடாதென்ற கட்சியைச் சேர்ந்தவராகவே அப்போது இருந்த செனட்டர் வாண்டன்பர்க்கும், தீயை அணைக்க வண்டி புறப்படுமுன் ஊர்க்கூட்டம் போட்டு அனுமதி வாங்கச் சொல்வது போன்ற யோசனை இது என்று பரிகாசம் செய்தார். பரிகாசத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் வாக்களித்து முடிக்கும்வரை பகைவன் காத்திருக்கப் போவதில்லை. வாக்கெடுப்பு நடக்கும் வாரங்களில் பத்திரிகைகளும் பிரசங்கிகளும் செய்யக்கூடிய அனர்த்தத்தையும் நினைக்க வேண்டும். லட்லோவின் ஏற்பாடு நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதே என் அபிப்பிராயமும். ஆயினும் சாகப்போகிறவனைக் கேட்டுவிட்டுப் போருக்குப் போ என்று அவர் சொன்னதற்கு, அன்று முதல் இன்றுவரை எந்த அமெரிக்க அரசாங்கமும் நேரான பதில் கொடுத்ததில்லை. பதில் கொடுக்காமலே காரியத்தை நடத்திக்கொள்ளும் வித்தையைத்தான் அரசாங்கங்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டன.

பிற தேசத்து யுத்தங்களில் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதென்ற அமெரிக்கப் பொதுஜன மனோபாவத்துக்குத் தனிமைக் கொள்கை என்று பெயரிட்டு, அதை அறியாமைக்கும் சுயநலத்துக்கும் பிறந்த குழந்தையாகச் சித்திரிப்பது சரித்திர ஆசிரியர்கள் பலருக்குப் பழக்கம். அதன் வம்சாவளி அவ்வளவு இழிவானதல்ல. 1796-ல் பதவியைத் துறக்கத் தீர்மானித்த ஜார்ஜ் வாஷிங்டன், மேடையேறிப் பேசாமல் பிலடெல்பியாப் பத்திரிகை ஒன்றின் வாயிலாகத் தேசத்துக்கு விடுத்த பிரியாவிடைச் செய்தியில், ஐரோப்பாவின் பகைகளிலும் சிநேகங்களிலும் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ள வேண்டாமென்று புத்தி சொன்னார். 1821-ல் ஜான் குவின்ஸி ஆடம்ஸ், சுதந்திரம் எங்கே கொடியேற்றினாலும் அமெரிக்காவின் வாழ்த்து அங்கே செல்லும், ஆனால் அரக்கர்களைத் தேடி அழிக்க அது கடல்கடந்து போகாது என்ற கருத்துப்படப் பேசினார். இரண்டு மகாசமுத்திரங்கள் காவல் நிற்கும் தேசத்துக்கு இந்த உபதேசத்தைப் பின்பற்றுவது சுலபமாகவும் இருந்தது. ஐரோப்பாவின் கட்டாய ராணுவ சேவைக்குத் தப்பி ஓடிவந்த ஜெர்மானியர்களும் ஸ்கான்டினேவியர்களும் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் குடியேறி நிலத்தை உழுதுகொண்டிருந்தார்கள். கைஸர்களின் சண்டை வேண்டாமென்றுதான் அவர்கள் கப்பல் ஏறியது.

இந்த ஒதுக்கம் எல்லாத் திக்கிலும் ஒன்றுபோல் இருந்ததென்று எண்ணுவது பிசகு. ஐரோப்பாவைக் கண்டு ஒதுங்கிய அதே தேசம் பிலிப்பைன்ஸில் சுதந்திரம் கேட்டவர்களோடு கொடூரமாகப் போரிட்டது; நிகராகுவாவிலும் ஹெய்ட்டியிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் தன் கடற்படைச் சிப்பாய்களை நிறுத்தி வைத்தது. அந்தச் சிறிய யுத்தங்களுக்கு அதிக ஆட்கள் வேண்டியதில்லை. சம்பளச் சிப்பாய்களே போதும். அயோவாவின் குடியானவன் வீட்டுக் கதவைத் தட்டி மகனைக் கேட்க வேண்டிய அவசியம் நேரவில்லை. ஆகையால் அயோவாவும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. மார்க் ட்வெயின் போன்ற சிலர் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தில் சேர்ந்து கண்டனக் குரல் எழுப்பினார்கள், அவ்வளவே. தயக்கம் கருணையினால் மட்டும் பிறந்ததன்று, கணிசமான பங்கு கணக்கினால் பிறந்தது. பின்னால் வரப்போவதைப் புரிந்துகொள்ள இந்தக் கசப்பான விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1916-ல் உட்ரோ வில்சன் மறுபடியும் தேர்தலுக்கு நின்றபோது, நம்மை யுத்தத்துக்கு வெளியே வைத்திருந்தவர் என்பதே அவருடைய கட்சியின் பிரசாரம். ஜெயித்துப் பதவிப் பிரமாணம் செய்த மறுமாதமே, 1917 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு, அவர் காங்கிரஸின் முன் நின்று யுத்தப் பிரகடனம் கேட்டார். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடித்ததும், மெக்ஸிகோவைத் தூண்டிவிட ஜெர்மனி அனுப்பிய தந்தி அம்பலமானதும் காரணங்களாக இருந்தன என்பது மெய்யே. செனட்டில் ஆறு பேரும் பிரதிநிதிகள் சபையில் ஐம்பது பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆனால் வாக்கெடுப்புக்குப் பிறகு நடந்தவை யோசிக்கத்தக்கவை. ஜனங்கள் மனப்பூர்வமாகவே போருக்குத் தயாராயிருந்தால், சினிமாக் கொட்டகைகளில் படச்சுருள் மாற்றும் நான்கு நிமிஷ இடைவேளையில் எழுந்து நின்று யுத்தத்தின் அவசியத்தைப் பேசுவதற்கென்று அரசாங்கத்தின் பிரசார இலாகா 75,000 பேரைத் திரட்டியிருக்க வேண்டாம். தொண்டர்களே போதுமானால் கட்டாய ராணுவச் சட்டத்தின் கீழ் இருபத்தெட்டு லட்சம் பேரை அழைத்திருக்க வேண்டாம். ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் யுத்தத்தைக் கண்டித்துப் பேசிய சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருஷச் சிறைவாசம் விதித்திருக்கவும் வேண்டாம். அந்த மனிதர் 1920-ல் அட்லாண்டாச் சிறையிலிருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றார்.

ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் அமெரிக்கர்கள் அந்த யுத்தத்தில் மாண்டார்கள். மீண்டு வந்தவர்களுக்கு 1945-ல் தருவதாகச் சட்டம் செய்திருந்த போனஸ் பணத்தை, பெருமந்தத்தில் வேலையும் சோறும் இல்லாமற்போன 1932-லேயே கொடுங்கள் என்று கேட்டு, ஆயிரக்கணக்கான பழைய சிப்பாய்கள் பெண்டு பிள்ளைகளோடு வாஷிங்டனுக்கு வந்து, அனகாஸ்டியா ஆற்றங்கரையில் தகரமும் பலகையும் கொண்டு குடிசை போட்டுத் தங்கினார்கள். ஜூலை 28-ஆம் தேதி, டக்ளஸ் மக்கார்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் அவர்களை விரட்டின, குடிசைகள் எரிந்தன. ஜனநாயகத்துக்காக உலகைக் காப்பாற்றியவர்கள் என்று பதினான்கு வருஷங்களுக்கு முன் மாலை போட்டு வரவேற்கப்பட்டவர்கள் இவர்களே என்பதை, அடுத்த யுத்தத்துக்கு ஆள் கேட்டபோது அமெரிக்கத் தாய்மார்கள் மறந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

1934 முதல் பதினெட்டு மாத காலம், வட டக்கோட்டாவின் செனட்டர் ஜெரால்ட் நை தலைமையில் அமைந்த கமிட்டி 93 அமர்வுகள் நடத்தி, இருநூறுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, ஆயுத வியாபாரிகளும் பாங்குக்காரர்களும் முதல் உலக யுத்தத்தில் சம்பாதித்ததை ஊரறியச் செய்தது. ட்யூபான்ட் குடும்பத்தாரும் ஜே.பி.மார்கனும் சாட்சிக் கூண்டில் வந்து உட்கார்ந்த காட்சி, பசியோடு பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தேசத்துக்குப் பெரும் திருப்தியை அளித்தது. கடைசியில் நை, காலஞ்சென்ற வில்சன் உண்மையை மறைத்தார் என்ற குற்றச்சாட்டை வீசியபோது, வில்சனின் மந்திரிசபையில் இருந்த செனட்டர் கார்ட்டர் கிளாஸ் ஆத்திரம் தாங்காமல், கைமுட்டிகளிலிருந்து ரத்தம் சொட்டும்வரை மேஜையைக் குத்தினாராம். கமிட்டிக்குப் பணம் ஒதுக்குவதைச் செனட் நிறுத்திக்கொண்டது. லாபத்துக்காகவே யுத்தம் மூட்டப்பட்டது என்பதைக் கமிட்டி நிரூபிக்கவில்லை. யுத்தத்தால் லாபம் அடைந்தவர்கள் யார், காலை இழந்தவர்கள் யார் என்பதை மட்டும் ஐயமற நிரூபித்தது. 1937-ல் காலப் நிறுவனம் கேட்டபோது, முதல் யுத்தத்தில் அமெரிக்கா புகுந்ததே தவறு என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள்.

இந்த மனோநிலையிலிருந்து 1935, 1936, 1937 ஆகிய ஆண்டுகளின் நடுநிலைச் சட்டங்கள் பிறந்தன. போரிடும் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்காதே, கடன் கொடுக்காதே, அவர்களுடைய கப்பலில் ஏறாதே என்று அவை கட்டளையிட்டன. கேட்பதற்கு நியாயமாக இருந்த இந்த விதிகள் ஸ்பெயினில் அநியாயமாக முடிந்தன. ஜனங்கள் தேர்ந்தெடுத்த குடியரசுக்கு அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிகூடக் கிடைக்கவில்லை. எண்ணெய் ஆயுதப் பட்டியலில் இல்லாத காரணத்தால் கலகத் தலைவர் பிராங்கோவின் லாரிகளுக்கு அமெரிக்க எண்ணெய் தாராளமாகப் போய்ச் சேர்ந்தது, அதுவும் கடனுக்கு. ஆக்கிரமிப்பவனையும் ஆக்கிரமிக்கப்பட்டவனையும் ஒரே தராசில் வைப்பவன் நடுநிலை வகிப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்; தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறதென்று அவன் பார்ப்பதில்லை.

இன்னும் இருண்ட பக்கமும் உண்டு. 1939-ல் பெரும்பாலும் யூதர்களான 937 பிரயாணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்ட 'செயின்ட் லூயிஸ்' கப்பல், கியூபாவினால் திருப்பி அனுப்பப்பட்டு, மயாமியின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியுமளவு நெருங்கி நின்றும் கரையிறங்க அனுமதி பெறாமல் ஐரோப்பாவுக்கே திரும்பிப் போயிற்று. அவர்களில் 254 பேர் பின்னால் நாஜிகளின் கையில் மாண்டார்கள். குடியேற்றச் சட்டம் வேறு, யுத்த விலக்கம் வேறு என்று வாதிக்கலாம். இரண்டையும் ஒரே மனம் தாங்கி நின்றதை மறைக்க முடியாது. 1941 செப்டம்பர் 11-ஆம் தேதி, அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்து தேசிய வீரனாகிவிட்ட சார்ல்ஸ் லிண்ட்பெர்க், டி மாய்ன் நகரில் பேசுகையில், அமெரிக்காவை யுத்தத்தில் தள்ளப் பார்ப்பவர்கள் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஆகிய மூவரே என்றார். யுத்த விலக்கக் கட்சிக்கு அவ்வளவு பெரிய தீங்கை அதன் பகைவர்கள் எவரும் செய்ததில்லை.

லிண்ட்பெர்க் பேசிய மேடையை அமைத்த 'அமெரிக்கா முதலில்' கமிட்டியை அவரை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. 1940-ல் யேல் சர்வகலாசாலை மாணவர்கள் சிலர் தொடங்கிய அந்தச் சங்கத்தில் எட்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு அதன் ஆரம்ப கால உற்சாகிகளில் ஒருவர். இளைஞர் ஜான் கென்னடி நூறு டாலர் நன்கொடை அனுப்பினார். சோஷலிஸ்ட் நார்மன் தாமஸ் அதன் கூட்டங்களில் பேசினார். வலதுசாரி முதலாளிகள் பணம் கொடுத்தார்கள். இந்தக் கதம்பக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டியது யாதொரு சித்தாந்தமும் இல்லை, 1917-ஐப் பற்றிய ஞாபகமே. அந்தச் சங்கத்தின் பெயரை 2016-ல் தேர்தல் கோஷமாக எடுத்துக்கொண்டவர் அந்த ஞாபகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டாரா என்பது வேறு விசாரணை.

ரூஸ்வெல்ட் இந்த ஞாபகத்தின் பலத்தை நன்றாக அறிந்திருந்தார். 1940 அக்டோபர் 30-ஆம் தேதி பாஸ்டன் நகரில், உங்கள் பிள்ளைகள் அந்நிய யுத்தம் எதற்கும் அனுப்பப்பட மாட்டார்கள் என்று தாய் தந்தையர்க்கு அவர் மீண்டும் மீண்டும் உறுதி கூறினார். அந்த மாதத்தில்தான், சமாதான காலத்தில் அமெரிக்கா கண்டிராத கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் பெயர்ப்பதிவு தொடங்கியிருந்தது. பன்னிரண்டு மாத சேவை என்று சொல்லி இளைஞர்களை அழைத்தார்கள். 1941 கோடையில், பன்னிரண்டு மாதம் போதாது, இன்னும் பதினெட்டு மாதம் இருக்க வேண்டுமென்று அரசாங்கம் கேட்டபோது, முகாம்களில் பாசறைச் சுவர்கள் எங்கும் சாக்கட்டியால் ஒரு வாசகம் முளைத்தது: அக்டோபர் வந்தால் மலையைத் தாண்டி ஓடிவிடுவோம் என்பதன் முதலெழுத்துகள். ஆகஸ்ட் 12-ஆம் தேதி சபையில் வாக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது 203-க்கு 202 என்று வந்தது. சபாநாயகர் சாம் ரேபர்ன், மனம் மாறுவதற்கு எவருக்கும் அவகாசம் தராமல் முடிவை அவசரமாக அறிவித்து, மறுபரிசீலனைக்கு இனி இடமில்லையென்று சுத்தியலைத் தட்டினார். ஹிட்லர் மாஸ்கோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்க ராணுவம் கலையாமல் நின்றது அந்த ஒரு வாக்கினால்.

ஒரு வாக்கில் தப்பித்ததே என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. யுத்தத்தின் முடிவை அறிந்த நாம் அப்படித்தான் பெருமூச்சு விடுவோம். ஆயினும் அந்த 202 பேரைப் பார்த்து இந்தியனுக்கு ஒரு பொறாமை தோன்றாமல் போகாது. 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியப் பிரதிநிதி ஒருவரையும் கலக்காமல், இந்தியாவும் யுத்தத்தில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை உட்பட மாகாண காங்கிரஸ் மந்திரிசபைகள் எல்லாம் ராஜினாமா செய்தன. இருபத்தைந்து லட்சம் இந்தியர் அந்த யுத்தத்தில் சேவை செய்தார்கள். அவர்கள் சார்பில் வாக்களிக்க ஒரு சபையும் கூடியதில்லை. இரண்டு வருஷ காலம் வானொலியிலும் தேவாலயத்திலும் சாப்பாட்டு மேஜையிலும் சண்டையிட்டு, வேண்டும் வேண்டாமென்று வாதாடிய ஒரு ஜனசமூகத்தை, அதன் தயக்கத்துக்காக ஏளனம் செய்ய நமக்கு மனம் வராது.

பேர்ல் துறைமுகத்தோடு விவாதம் முடிந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 388-க்கு 1 என்று யுத்தப் பிரகடனம் செய்தது. அந்த ஒற்றை வாக்கு மான்டானாவின் ஜெனட் ரேங்கினுடையது. அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியான அவர் 1917-லும் எதிர்த்து வாக்களித்த ஐம்பது பேரில் ஒருவர். பெண்ணாகிய நான் போருக்குப் போக முடியாது, பிறரை அனுப்பவும் மறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தபோது, கூட்டமும் புகைப்படக்காரர்களும் சூழ்ந்துகொள்ள, ஒரு டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்தே காவலர்களை அழைத்தார். அத்தோடு அவருடைய சட்டசபை வாழ்வு முடிந்தது. காந்தியடிகளின் வழியை அறிந்துகொள்ளப் பின்னால் பலமுறை இந்தியாவுக்கு வந்த இந்த அம்மையார், 1968-ல், தம் எண்பத்தேழாவது வயதில், வியத்நாம் யுத்தத்தை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முன்னால் நடந்து சென்றார். 1941-ல் அவர் கொடுத்த வாக்கு பிழை என்பதே என் கட்சி. பிழையான அந்த வாக்கும் பெயரோடு பதிவாகி, வாக்களித்தவரே அதற்கு விலை கொடுத்தார் என்பதைச் சொல்லக் காரணம் உண்டு.

1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகியவற்றின்மேல் செய்ததற்குப் பிறகு, இந்த எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்கக் காங்கிரஸ் எந்தத் தேசத்தின் மீதும் யுத்தப் பிரகடனம் செய்யவில்லை. லட்லோ 1949-ல் சபையை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே ட்ரூமன், காங்கிரஸைக் கேளாமல், கொரியாவுக்குப் படையை அனுப்பினார். முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் அங்கே மாண்டார்கள். 1964 ஆகஸ்டில் டான்கின் வளைகுடாவில் இரண்டாவது தடவையாக நடந்ததாகச் சொல்லப்பட்ட, உண்மையில் நடக்கவே இல்லாத ஒரு தாக்குதலைக் காட்டி, ஜான்சன் காங்கிரஸிடம் பொதுப்படையான ஓர் அனுமதியை வாங்கினார். செனட்டில் மார்ஸ், க்ரூனிங் என்ற இருவர் மாத்திரம் மறுத்தார்கள். அதே இலையுதிர் காலத் தேர்தலில் ஜான்சனும், ஆசியப் பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்று வாக்குறுதி கொடுத்தவரே. வியத்நாம் ஐம்பத்தெட்டாயிரம் அமெரிக்கர்களைத் தின்றது. தின்னப்பட்ட வியத்நாமியர் எத்தனை லட்சம் என்பதை அமெரிக்கப் பொதுஜன அபிப்பிராயம் அவ்வளவு அக்கறையோடு எண்ணவில்லை.

ஆனால் வியத்நாம் காலத்தில் கட்டாய சேவை இருந்தது. அதனால் தயக்கத்துக்குப் பல் இருந்தது. குலுக்கலில் பிறந்த தேதி வந்துவிட்டால் மகன் போக வேண்டும் என்னும்போது, யுத்தத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத குடும்பம் இருக்க முடியாது. இதை நிக்ஸன் உணர்ந்தார். கட்டாய சேவையை ஒழித்துச் சம்பளத்துக்குச் சேரும் தொண்டர் ராணுவம் அமைக்கலாமென்று 1970-ல் கேட்ஸ் கமிஷன் சிபாரிசு செய்தது. பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன் போன்றவர்கள் தனிமனித சுதந்திரத்தின் பேரால் அதை மனமார ஆதரித்தார்கள். 1973-ல் கட்டாய சேவை நின்றது. தெருக்களில் கிளர்ச்சியும் வடிந்தது. அதே ஆண்டில், நிக்ஸனின் மறுப்பாணையைத் தள்ளிவிட்டு, காங்கிரஸின் அனுமதியின்றி எந்த ஜனாதிபதியும் அறுபது நாளைக்கு மேல் சேனையைப் போரில் ஈடுபடுத்தக் கூடாதென்று யுத்த அதிகாரச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பூட்டிய கதவைவிட ராணுவச் சீர்திருத்தம் திறந்துவிட்ட கதவு அகலமானது என்பது அன்று பலருக்குத் தோன்றவில்லை.

இன்று அமெரிக்க ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட முழுநேர ராணுவத்தில் இல்லை. அந்த ஒருவரும் பெரும்பாலும் ராணுவக் குடும்பத்திலிருந்தோ, கல்லூரிச் சம்பளம் கட்ட வேறு வழியில்லாத வீட்டிலிருந்தோ வருகிறவர். வரியும் அப்படியே. இரண்டாவது உலக யுத்தத்துக்கும் கொரிய யுத்தத்துக்கும் வரியை உயர்த்தினார்கள். ஆப்கானிஸ்தானத்திலும் இராக்கிலும் சேனை நின்றுகொண்டிருந்த காலத்தில், 2001-ல் யுத்தத்துக்கு முன் குறைத்த வரியை உயர்த்தாமல், 2003-ல் மேலும் குறைத்துவிட்டுக் கடன் வாங்கிச் சண்டை போட்டார்கள். மகனையும் கொடுக்க வேண்டாம், காசையும் கொடுக்க வேண்டாம் என்றாகிவிட்ட பிரஜைக்கு யுத்தம் பிடிக்காமல் இருக்கலாம். அந்தப் பிடிக்காமை வாக்குப் பெட்டி வரை வந்து சேர்வதற்கு யாதொரு நிர்ப்பந்தமும் இல்லை. முன்பு நிகராகுவாவில் நடந்ததே இப்போது உலகம் முழுவதும் நடக்கிறது.

கேட்டால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்பது இரகசியமல்ல. 2013 ஆகஸ்டில் ஸிரியாவின்மீது குண்டுவீசப் புறப்பட்ட ஒபாமா, பிரிட்டிஷ் பார்லிமென்ட் 285-க்கு 272 என்று மறுத்துவிட்டதைப் பார்த்து, தாமும் காங்கிரஸைக் கேட்பதாக அறிவித்தார். அங்கத்தினர்களின் அலுவலகங்களுக்கு வந்த டெலிபோன்களும் கடிதங்களும் பெரும்பாலும் வேண்டாம், வேண்டாமென்றே சொல்லின. விஷயம் வாக்கெடுப்புக்கு வராமலே, ருஷ்யாவின் மத்தியஸ்தத்தால் விஷவாயுக் கிடங்குகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் போய் முடிந்தது. ஒரு வருஷம் கழித்து அதே ஸிரியாவில் அமெரிக்க விமானங்கள் வேறொரு பகைவன்மேல் குண்டு பொழிந்தன. இந்தத் தடவை யாரையும் புதிதாகக் கேட்கவில்லை. செப்டம்பர் 11 தாக்குதலைச் செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்க 2001-ல் கொடுத்த அனுமதியே போதுமென்று சொல்லிவிட்டார்கள்.

அதைவிட வினோதமானது 2011-ன் லிபிய விவகாரம். மார்ச்சில் தொடங்கிய விமானத் தாக்குதல் அறுபது நாளைத் தாண்டியது. காங்கிரஸின் அனுமதி வரவில்லை. ராஜாங்க இலாகாவின் சட்ட ஆலோசகர் ஹெரால்ட் கோ, முன்பு யேல் சட்டக் கலாசாலையின் தலைவராக இருந்த அறிஞர், செனட் கமிட்டியின் முன் வந்து ஒரு வாதத்தை வைத்தார்: தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்க உயிர்ச்சேதம் இல்லை, உண்டாகும் அபாயமும் சொற்பம், ஆகையால் சட்டம் கருதும் பகைச்செயல் இங்கே நடைபெறவில்லை. நம்மவன் சாகாதபோது நம்மவனைக் கேட்பானேன் என்பதுதான் இதன் பொருள். விமானி இல்லாத விமானங்கள் பெருகிவிட்ட காலத்தில் இந்த வாதம் எந்த யுத்தத்துக்கும் பொருந்தும்.

2001-ஆம் ஆண்டின் அந்த அனுமதியைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். கலிபோர்னியாவின் பார்பரா லீ. 420-க்கு 1. பின்னர் ஆண்டுதோறும் அதை ரத்துசெய்ய அவர் முயன்றார். 2017 ஜூனில், அவருடைய திருத்தத்தை, யாரும் எதிர்பாராத வண்ணம், நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியில் இரு கட்சியாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றபோது கரகோஷமும் எழுந்தது. சபையின் முன் மசோதா வருவதற்குள் தலைவர்கள் அதை நீக்கிவிட்டார்கள். 2025-ல் பார்பரா லீ சபையை விட்டுப் போனார். 2001-ன் அனுமதி போகவில்லை. அடுத்து அந்தத் திருத்தத்தைக் கொண்டுவருபவர் எந்தக் கட்சிக்காரராயினும் ஆகுக: பொதுவாக்கெடுப்பும் வேண்டாம், சாசனத் திருத்தமும் வேண்டாம், எந்தத் தேசத்தில், எவர்மீது, எதுவரை என்று எழுதி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 435 பேரும் தத்தம் பெயரைச் சொல்லி வாக்களிக்கும்படி செய்தால் போதும். அடுத்த தேர்தலில் தொகுதிக்கு வரும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்கள்.